கிளி இருந்த இடத்தில் நாய்

இரவு எட்டு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து போன் வருகிறது. அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்கிறார். வேலூரிலோ கோயம்புத்தூரிலோ படிக்கும் மகனின் குரல் கூடம் முழுக்கக் கேட்கிறது. ஃபேனுக்கு அடியில் படுத்திருந்த நாய் காதை விறைத்துக்கொண்டு எழுகிறது. குரல் வரும் போனிடம் அது போவதில்லை. நேரே வாசல் கதவுக்குப் போய், கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்து இரண்டு தடவை மோந்து பார்க்கிறது. பிறகு அங்கேயே, முகத்தைக் கதவுப் பக்கம் வைத்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு நாயோடு இருக்கும் பெற்றோர் தமிழ்நாட்டில் இன்று ஏராளம். அந்த வீடுகளில் இது அன்றாடக் காட்சி. இதைப் பார்ப்பவர்கள் கைவசம் இரண்டு விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் என்பது ஒன்று. பிள்ளை இல்லாத குறைக்கு நாயைப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பதே என் வாதம். அந்த நாய் பிள்ளையின் இடத்துக்கு வந்ததல்ல. பிள்ளை வீட்டில் விட்டுச் சென்றது. வீட்டில் விட்டுச் செல்லப்பட்ட உயிரோடு தாய் தனித்திருக்கும் இந்த நிலை தமிழில் குறைந்தது 2,000 ஆண்டுப் பழமை உடையது.

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியைப் பாடியவர் ஓதலாந்தையார். அதில் ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ என்று ஒரு பகுதி உண்டு. மகள் தன் காதலனோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் மிஞ்சிய தாயின் துயரம்தான் பத்துப் பாட்டும். அதில் ஒரு பாட்டில் தாய் மகளை நேரடியாக நினைத்து அழுவதில்லை. மகள் விளையாடிய பாவை, அவள் எடுத்து வளர்த்த பச்சைக்கிளி, அவளோடு பேசிய நாகணவாய் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. படும்தோறும் மனம் கலங்குகிறது. இந்தப் பட்டியலில் இரண்டு உயிருள்ளவை என்பதைக் கவனிக்க வேண்டும். பாவையைப் பரணில் போட்டுவிடலாம். கிளிக்கு நாளையும் தினை வைக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், அது மகளின் பெயரைச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நற்றிணையின் 184-ஆம் பாட்டில் பேசும் தாய் ஒரே மகளைப் பெற்றவள். மகள் ஓடியாடிய நொச்சியையும் திண்ணையையும் பார்த்து அவள் உள்ளம் வேகிறது. பொறுத்துக்கொள் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது அவளுக்கு ஆறுதலாக இல்லை. காலியான வீட்டைப் பற்றிப் பேச நமக்கு ஆங்கிலச் சொல் தேவைப்படவில்லை. அதற்கென்று நற்றாய் இரங்கல், செவிலி புலம்பல் என்று துறையே வகுத்து வைத்திருந்தவர்கள் நாம். அந்தத் துறையின் நடுவில், ஒருத்தி வளர்த்து மற்றொருத்தியிடம் விட்டுப்போன உயிர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அப்போது நாய் எங்கே இருந்தது? தெருவில். அகநானூற்றின் 122-ஆம் பாட்டில் பரணர் ஓர் இரவைக் காட்டுகிறார். காதலனைச் சந்திக்கப் போக முடியாமல் தலைவி தன் தடைகளை அடுக்குகிறாள். தாய் தூங்கினாலும் ஊர்க்காவலர் தூங்குவதில்லை. அவர்கள் ஓய்ந்தாலும் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலவு காய்கிறது. கிளி மகளின் தோழி என்றால் நாய் தாயின் கூட்டாளி, மகள் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும் காவல். நாயை அந்தக் காலத்து இலக்கணம் கூர்ந்து கவனித்திருக்கிறது. நாய்க்குட்டியைக் குருளை என்றும் பெண் நாயைப் பிணவு என்றும் சொல்லலாம் எனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. நாலடியார் இன்னும் ஒரு படி மேலே போய் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து நாய் வாலாட்டும். ஆகவே நட்புக்கு நாய் போன்றவரையே தேடு என்பது அதன் தீர்ப்பு. மதிப்பு இருந்தது, ஆனால் இடம் வாசலுக்கு வெளியேதான்.

வெளியே இருந்தாலும் பெயரற்றுப் போகவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களில் எடுத்தனூர்க் கல் தனித்துவமானது. பல்லவ மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்துபட்டான். நடுகல் என்றால் ஆயுதம் ஏந்திய வீரன் இருப்பான், சுற்றிலும் எழுத்து இருக்கும். இங்கே கூடவே ஒரு நாயும் இருக்கிறது. அதற்கென்று தனியாகவும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்திருந்தது என்பது அதன் செய்தி. கடித்ததோடு கல்வெட்டு நிற்கவில்லை, ‘காத்திருந்தது’ என்றும் சொல்கிறது. எசமான் விழுந்த பிறகும் போகாமல் நின்ற நாயை அந்த ஊர் கண்ணால் கண்டு, பெயரைக் கேட்டறிந்து, கல்தச்சனிடம் சொல்லி வெட்டச் செய்திருக்கிறது. இதற்கு மூன்று நூற்றாண்டு பிந்தியது கர்நாடகத்து ஆதகூர்க் கல். சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட 949-ஆம் ஆண்டுத் தக்கோலப் போரோடு தொடர்புள்ளது அது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் மணலேரன் என்ற வீரனிடம் வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் காட்டுப்பன்றியோடு மோதி நாயும் பன்றியும் சேர்ந்து செத்தன. காளிக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். நடுகல் ஒன்றிரண்டைக் காட்டிவிட்டு, தமிழர் நாயைக் கொண்டாடினார்கள் என்று சொல்லலாமா? திட்டும்போது நம் வாயில் முதலில் வருவது ‘நாயே’ அல்லவா? இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள மாணிக்கவாசகர் தேர்ந்த உவமை நாய் அல்லவா? உண்மைதான். நாயின் இழிவும் நம் மரபில் ஆழமாக வேரோடியது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்ற பழமொழியை அறியாதவர் இல்லை. ஆனால் அந்தப் பழமொழியை இன்னொரு முறை காதில் வாங்குங்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? யாரும் செய்யாத காரியத்தைக் கண்டித்துப் பழமொழி பிறப்பதில்லை. திண்ணை, ரேழி, கூடம், அடுப்படி, கொல்லை என்று அறை அறையாகத் தூய்மை கூடிக் குறையும் வீட்டில், நாய்க்கு ஒதுக்கிய எல்லை வாசற்படி. அதைத் தாண்ட அதற்கு ஆசை இருந்தது, தாண்ட விடுவதற்கு வீட்டில் யாரோ ஒருவருக்கு மனம் இருந்தது, தடுக்க வீட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் அந்த ‘யாரோ ஒருவர்’ வீட்டுப் பிள்ளைதான். இந்த எல்லை எப்போது, எதனால் தளர்ந்தது என்பதுதான் நம் கேள்வி.

அதற்கு முன், பிள்ளைகள் படிக்கப் போன கதையைப் பார்த்துவிட வேண்டும். படிப்புக்காகப் பிரிவதற்குத் தொல்காப்பியம் ஓதற்பிரிவு என்று பெயரிட்டது. உயர்ந்தோர்க்கு உரியது என்றது. மூன்று ஆண்டுக்கு மேல் அது நீளக்கூடாது என்றும் வரம்பு கட்டியது. ஆனால் அந்தப் பிரிவில் வருந்துபவள் மனைவி. மகன் ஓதப் போனான் என்று தாய் புலம்பும் துறை அங்கே இல்லை. என் வாதத்துக்கு இது பாதகம் என்று சிலர் கருதலாம்: பழம்பாட்டில் வீட்டைக் காலி செய்தது காதல், படிப்பு அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மௌனத்துக்குக் காரணம், மகன் போனதால் வீடு காலியாகவில்லை என்பதே. அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், மருமகள் வந்திருந்தாள், பாட்டி இருந்தாள், தொழுவத்தில் மாடு இருந்தது. வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவள் மகள் மட்டுமே. அதனால் புலம்பல் அவளுக்கென்று அமைந்தது.

பெரும்பாலான பிள்ளைகள் படிப்புக்காக வீட்டை விட்டுப் போகவே இல்லை. சென்னை மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி 1822-இல் தாமஸ் மன்றோ விவரம் திரட்டத் தொடங்கினார். 1826-இல் அவர் தொகுத்த கணக்குப்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஒரு பள்ளிக்குப் பதினைந்து பேர்தான் வருகிறது. அத்தனையும் கூப்பிடு தூரத்தில் இருந்த திண்ணைப் பள்ளிகள். பிள்ளை விடியற்காலையில் போய்ப் பழையது சாப்பிட வீட்டுக்கு வந்து, மறுபடி போய், பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடும். உயர்ந்த தமிழ்க் கல்விக்குத்தான் ஊர் தாண்ட வேண்டியிருந்தது. அதற்கும் வீடு கூடவே நகர்ந்தது. உ.வே. சாமிநாதையர் படிக்க வேண்டும் என்பதற்காக அவர் குடும்பமே குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராக இடம் பெயர்ந்ததை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரைக் கொண்டுபோய் விட்டதும் தகப்பனார்தான். கல்வி இருக்கும் இடத்துக்குக் குடும்பம் போன காலம் அது. பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டுக் குடும்பம் பின்தங்கும் முறை பிறகுதான் வேர்விட்டது.

அதை வேர்விடச் செய்தவை கல்லூரிகளும் ரயிலும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தொடக்கம் 1837. சென்னைப் பல்கலைக்கழகம் 1857. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856. பட்டம் பட்டணத்தில் கிடைத்தது, பட்டணத்துக்கு ரயில் ஓடியது, நடுவில் ஹாஸ்டல் எழுந்தது. கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது விடுதி வாழ்க்கையையே கல்வியின் பாதியாக வைத்துக் கட்டினார்கள். இதைவிட முக்கியமான திருப்பம் பெண்களுடையது. பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி 1895-இலும், சென்னையில் இன்று ராணி மேரி என்று அழைக்கப்படும் கல்லூரி 1914-இலும் தொடங்கின. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இல்லத்தில் தங்கிப் படிக்கக் குழந்தை விதவைகள் ஊர்களிலிருந்து வந்தார்கள். மகள் வீட்டைவிட்டுப் போவதற்குக் கல்யாணம் தவிர வேறொரு காரணம் தமிழ்நாட்டில் முதன்முதலாக உண்டானது இப்போதுதான். நற்றாயின் புலம்பலும் ஓதற்பிரிவும் அதுவரை தனித்தனித் துறைகள். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போன நாளில் இரண்டும் ஒன்றாயின.

வெள்ளைக்காரப் பழக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். அதில் உண்மையின் கூறு ஒன்று இருக்கிறது. நீலகிரியிலும் சென்னையிலும் பங்களா கட்டி வாழ்ந்த ஆங்கிலேயர், ஐந்தாறு வயதிலேயே தங்கள் குழந்தைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். இந்த வெயிலில் குழந்தை தேறாது என்ற பயமும், இங்கேயே வளர்ந்தால் பேச்சும் தோரணையும் கெட்டுவிடும் என்ற வர்க்க அச்சமும் அதற்குக் காரணம். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங்கும் அவர் தங்கையும் 1871-இல் அப்படி அனுப்பப்பட்டவர்களே. முன்பின் தெரியாத வீட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் கழித்த வேதனையைப் பிற்காலத்தில் அவர் கதையாக எழுதினார். குழந்தைகள் ஏறிப்போன அதே கப்பல் வழியில் எதிர்த்திசையில் நாய்கள் வந்திறங்கின. ஊட்டியில் வேட்டை நாய்க் கூட்டமே இருந்தது. அங்கே நாய்க் கண்காட்சி நடத்தும் வழக்கமும் அவர்கள் வைத்துப் போனது. கழுத்துப் பட்டை, வம்சச் சான்றிதழ், டாமி, ஜிம்மி என்ற பெயர்கள், ‘சிட்’, ‘ஸ்டே’ என்ற கட்டளைகள் எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவைதாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பங்களா நாய் யாருடையது? துரையுடையது அல்லது துரைசானியுடையது. ஐந்து வயதில் கப்பலேறிய குழந்தைக்கு அதில் உரிமை கொண்டாட நேரமே இருந்திருக்காது. நம் வீட்டு நாயோ அநேகமாக எட்டாம் வகுப்புப் பையன் அடம்பிடித்து, ‘நானே பாத்துக்குறேன், நானே குளிப்பாட்டுறேன்’ என்று சத்தியம் செய்து, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. வேண்டாம் என்று முதலில் முறைத்தவர் அப்பா. கருவிகளும் கட்டளைகளும் கடன் வாங்கியவை. உறவின் அமைப்பு ஐங்குறுநூற்றுக் கிளியினுடையது.

ஆங்கிலேயர் காலம் நமக்குத் தந்த உண்மையான கொடை வேறொன்று. அது தடுப்பூசி. வெறிநாய்க்கடிக்குப் பாரிஸில் பாஸ்டர் 1885-இல் மருந்து கண்டார். இந்தியாவில் அதற்கான நிலையம் கசௌலியில் 1900-இலும் குன்னூரில் 1907-இலும் அமைந்தது. அதற்கு முன் நாய்க்கடி என்றால் பச்சிலையும் மந்திரிப்பும்தான். நோய் கண்டுவிட்டால் சாவு நிச்சயம். அந்தப் பயத்தோடு எந்தத் தாயும் நாயைத் தொட்டிலருகே விடமாட்டாள். வாசற்படி எல்லைக்குத் தீட்டு மட்டும் காரணமல்ல, இந்தப் பயமும் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற சொல்லே ஒரு தலைமுறைக்கு நடுக்கம் தந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, கையில் போடும் ஊசியாக மாறிவிட்டது. நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி போடுவது வழக்கமாகிவிட்டது. இன்றும் தெருநாய்க்கடியால் மனிதர்கள் சாகிறார்கள். அதைச் சொல்லி வீட்டு நாயைக் குறை கூறுவோருக்கு என் பதில் இதுதான்: வெறிநோயைத் தடுப்பது நாயை வெறுப்பதால் நடக்காது, ஊசி போடுவதால் நடக்கும். ஊசி போட்ட வீட்டு நாய் அந்தக் கவலையைக் குறைக்கிறது, கூட்டுவதில்லை.

நாய் உள்ளே வந்ததற்கு அடுத்த காரணம், வெளியே அதற்கு வேலை போனது. பாளையக்காரர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ராஜபாளையம், தேனிப் பக்கத்துக் கோம்பை, முயலை விரட்டிப் பிடிக்கும் சிப்பிப்பாறை, கோவில்பட்டி வட்டாரத்துக் கன்னி ஆகிய நான்கும் கம்மங்கூழும் கேழ்வரகும் தின்று காடு சுற்றியவை. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி 2017-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல், இவை அருகி வந்த கதையை அக்கறையோடு பதிவு செய்கிறது. கன்னி நாயை மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று கரிசல் பக்கம் சொல்வார்கள். அது நடந்த கதையோ கட்டிய கதையோ, போகிற மகளோடு நாயை அனுப்புவது ஒரு சமூகத்தின் கற்பனையில் பொருத்தமாகப் பட்டிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சான்று. 1972-இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையையும் பன்றி வேட்டையையும் குற்றமாக்கியது. தோட்டத்துக்குக் கம்பிவேலி வந்தது. கிடை போடுவது குறைந்தது. ராஜபாளையம் 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்தது. அதற்குள் ஊரில் அது அரிதாகியிருந்தது. சைதாப்பேட்டையில் அரசே பண்ணை வைத்து இனம் காக்க வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. பச்சைக்கிளியையும் நாகணவாயையும் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதும் அதன்படி குற்றம். ஒரே நாளில் எல்லாக் கூண்டும் திறந்துவிடவில்லை என்பது தெரியும். ஆனாலும் ஐங்குறுநூற்றுத் தாய் பார்த்துக் கலங்கிய இரண்டு உயிரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாதவை ஆயின. வேட்டை நாய்க்கு வேலை இல்லை. வீட்டுக் கிளிக்கு இடம் இல்லை. இரண்டையும் செய்தது ஒரே சட்டம். அது சரியான சட்டம் என்றே நான் கருதுகிறேன். பறக்க வேண்டியதைக் கூண்டில் வைத்து நாம் தேடும் ஆறுதல் ஆறுதலே அல்ல. அதே காலத்தில் திண்ணை வைத்த வீடுகள் இடிந்து கான்கிரீட் வீடுகள் எழுந்தன. வாசலும் கூடமும் பத்தடிக்குள் வந்துவிட்டன. படி எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கே குழம்பியது. நாம் பொமரேனியன் என்று அழைத்த வெள்ளை ஸ்பிட்ஸ் எண்பதுகளில் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தபோது, தடுக்க வாசற்படி இல்லை, தடுக்கும் பெரியவர்களும் பல வீடுகளில் இல்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984-இல் அனுமதி கிடைத்தது. 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு. மதிப்பெண்தான் ஊரைத் தீர்மானித்தது. நாகர்கோவில் பிள்ளை ஈரோட்டுக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளை சென்னைக்கும் போயிற்று. இந்தப் பக்கம், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1992-93-இல் ஏறத்தாழ 2.5, 2019-21-இல் 1.8. ஒரே மகளைப் பெற்றேன் என்று நற்றிணைத் தாய் சொன்னது அன்று விதிவிலக்கின் வேதனை. இன்று அது பாதித் தெருவின் நிலை. ஒரு பிள்ளை பெட்டி கட்டினால் வீடு பாதி காலி. இரண்டாவதும் கட்டினால் முழுக்கக் காலி. இப்போது வயதைக் கூட்டிப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை கொண்டுவந்த குட்டிக்கு, பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது நாலு வயது. பொறியியல் நாலு வருடம், மேற்படிப்பு இரண்டு வருடம் ஆனால் நாய்க்குப் பத்து. நாயின் ஆயுள் பத்திலிருந்து பதின்மூன்று வருடம். தொல்காப்பியம் விதித்த மூன்று வருட வரம்பு மனிதக் கணக்கில் சிறியது. நாயின் கணக்கில் அது வாழ்நாளில் கால் பங்கு. பிள்ளையின் படிப்புக் காலமும் நாயின் நல்ல வயதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. பிள்ளை இல்லாத வருடங்கள் முழுவதையும் நாய் பெற்றோரோடு கழிப்பது இதனால்தான்.

இனி, பிள்ளைக்கு மாற்று என்ற வாதம். நாயைத் ‘தம்பி’ என்றும் ‘குட்டிம்மா’ என்றும் கூப்பிடுகிறார்களே, அது பிள்ளையாக்கிக்கொள்வது இல்லையா என்பார்கள். கூப்பிடுவதைக் கூர்ந்து கேளுங்கள். ‘அக்கா போன் பண்றா, வா’, ‘அண்ணன் தீபாவளிக்கு வருவான்’ என்கிறார்கள். முறை எங்கிருந்து எண்ணப்படுகிறது? போன பிள்ளையிடமிருந்து. அக்கா என்று ஒருத்தி இல்லாவிட்டால் தம்பி என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. மாற்றாக வந்த ஒன்று, மூலத்தை இப்படி நாள்தோறும் நினைவுபடுத்தாது. நாயைக் கொண்டு பெற்றோர் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நேரடியாகச் சொல்லக் கூச்சப்படும் அப்பா, ‘இதுக்கு அவனைத் தேடுது’ என்கிறார். தேடுவது நாய் மட்டுமல்ல என்பது அம்மாவுக்குத் தெரியும். சங்கத் தாய் கிளியைக் காட்டிச் சொன்னதையே அவரும் சொல்கிறார். கோவிவன் செய்த வேலையும் இதில் சேர்ந்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுப்புவது, தெருமுனை வரை நடக்கவைப்பது, நேரத்துக்குச் சோறு கேட்பது என்று காலியான நாளுக்கு மணிக்கணக்கு வைத்து நடத்துவது நாய்தான். பிள்ளைக்கு டிபன் கட்டிய பழக்கத்தில் எழும் கை, அந்நேரத்துக்குச் செய்ய ஒரு வேலை இல்லாமல் நிற்க வேண்டியதில்லை.

இந்தப் பாசத்தை மனிதருக்குத் தரலாமே, முதியோர் தனித்துக் கிடக்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. நாயோடு இருப்பவர்களில் கணிசமானோர் அப்படித் தனித்துக் கிடப்பவர்களே. நாய் அவர்களை வாசலுக்கு வெளியே இழுத்து வந்து எதிர்வீட்டாரோடு பேசவைக்கிறது. வசதிக்காரர் சமாசாரம் என்ற குறையும் பொருந்தாது. சீமை நாய்க்கும் மூட்டைத் தீவனத்துக்கும் காசு வேண்டும்தான். ஆனால் டிப்ளமோ படிக்கப் போன மகன் எடுத்து வந்த தெருக்குட்டிக்கு ரசஞ்சோறு பிசைந்து வைக்கும் ஓட்டுவீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

நாய்மேல் பிள்ளைக்கு உண்டு என்று வரலாறு காட்டும் உரிமையை ஏற்றுக்கொண்டால், பெற்றோர் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நாய்க்கு முடியாமல் போகும்போது, செமஸ்டர் நடக்கிறது, சொன்னால் படிப்பு கெடும் என்று பிள்ளையிடம் மறைக்கிறார்கள். நாய் செத்துக் கொல்லையில் புதைத்துப் பத்து நாள் ஆன பிறகும், நல்லா இருக்கு, தூங்குது என்று போனில் சொல்லும் வீடுகள் உண்டு. அன்பினால் செய்வதுதான் அது. ஆனாலும் செய்யாதீர்கள். அது அவர்கள் கொண்டுவந்த நாய்; அவர்கள் திரும்பி வருவதற்காக அத்தனை வருடம் உங்கள் வீட்டில் காத்திருந்த நாய். முடியாமல் போன அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ராத்திரி பஸ் பிடித்து வருகிறேன் என்றால், வரவிடுங்கள்.